காலர்க்காரி கேட்ட கேள்வி

தையல்கடை மாஸ்டர் தன் கால்சட்டையின் இடுப்பை முதல் தடவை பிடித்துத் தைத்தபோது, துணி தளர்ந்துவிட்டது என்றார். அடுத்த தடவை, சாப்பாட்டில் எண்ணெயைக் குறைத்துவிட்டேன், அதுதான் என்றார். அதற்கடுத்த தடவை ஒன்றுமே சொல்லாமல், கடைக்கு வந்தவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தைத்தார். தெருவில் பாதிப் பேருடைய இடுப்பளவை டேப் வைக்காமலே சொல்லக்கூடிய மனிதர். தன் இடுப்பு எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை.

பிறகு அரிப்பு வந்தது. தடிப்பு இல்லை, புண் இல்லை, உள்ளங்கையிலிருந்து உள்ளங்கால்வரை வெறும் அரிப்பு. மர ஸ்கேலைச் சட்டைக்குள் விட்டு முதுகைச் சொறிந்துகொண்டே அளவு எழுதினார். துணி கொண்டுவந்தவர்கள் பார்த்தும் பார்க்காததுபோல் நின்றார்கள். மழை வருவேன் வருவேன் என்று போக்குக் காட்டிக்கொண்டிருந்த புழுக்கமான நாட்கள். வேர்க்குருவாக இருக்கும் என்று அவர் சொல்ல, எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

நம்பாதவள் அவருடைய மனைவி. ஒரு நாள் மாலை கம்பெனி வேலை முடிந்து வந்தவள் கைப்பையைக்கூட இறக்காமல் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தெருவில் நிறுத்தினாள். அவர் முகம் மஞ்சளாகத் தெரிந்ததற்கு அதுவரை கடையின் டியூப்லைட் மேல்தான் பழியைப் போட்டிருந்தாள். வெளிச்சத்தில் பார்த்தால் கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள்.

"என்ன, கண்ணுல தூசியா?" என்றார் அவர்.

"தூசியா இருந்தா ஊதிடுவேனே" என்றாள்.

அவளைத் தெருவில் காலர்க்காரி என்பார்கள். பெயர் வைத்த புண்ணியவான் கட்டிய கணவர்தான். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஊருக்கு வெளியே இருக்கிற சட்டைக் கம்பெனியில் காலர் மட்டும் தைக்கிறாள். முன்னால் இருப்பவள் அனுப்புவாள், இவள் காலரைத் தைத்து, மூலையைத் திருப்பி, மேல்தையல் போட்டுப் பின்னால் இருப்பவளுக்குத் தள்ளுவாள். முழுச் சட்டை எப்படிப் போகிறது, எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியாது. மாஸ்டருக்கு அது பெரிய இளக்காரம். "சமையக்காரின்னு சொல்லிக்கிட்டு வெங்காயம் மட்டும் உரிக்கிற மாதிரி" என்பார். அவர் கடையில் அவரே வெட்டி, அவரே தைத்து, அவரே பட்டன் வைப்பார். 'அவசரத் தையல் கிடையாது' என்று போர்டே எழுதி மாட்டியிருந்தார். கூட்டம் சேருகிற கடையில் கவனம் இருக்காது என்பது அவர் உறுதியாக நம்பிய ஒன்று.

இதில் ஒரு வேடிக்கை. அந்த அவரே வெட்டி அவரே தைக்கிற சட்டைகளின் காலரை மட்டும் அவர் தைப்பதில்லை. வெட்டிய துண்டுகளை மாடிப்படிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைப்பார். தை என்று சொல்ல மாட்டார். மாலையில் வந்து முகம் கழுவிக்கொண்டு, டீயைக் குடித்துவிட்டு, அவள் உட்கார்ந்து தைத்துத் திரும்ப டப்பாவில் போட்டுவிடுவாள். தைத்தேன் என்று அவளும் சொல்ல மாட்டாள். சட்டையை வாங்கிப்போக வருகிறவர்கள் கழுத்தைத் தடவிப் பார்த்து, "மாஸ்டர், இந்தக் கழுத்து நிக்கிற அழகு வேற எங்கயும் வராது" என்பார்கள். மாஸ்டர் அடக்கமாகத் தலையை ஆட்டி வாங்கிக்கொள்வார்.

தெருக்கோடியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. டாக்டரும் அவர் மனைவியும் நடத்துவது. சுத்தமாக இருக்கும், கூட்டம் இருக்காது. டாக்டரின் வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். அந்த இறக்கத்தை மாஸ்டர் வெட்டிலேயே சரிக்கட்டிவிடுவார். அது இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். மாஸ்டருக்குக் குடலிறக்கம் வந்தபோது அறுத்துத் தைத்தவர் இதே டாக்டர்தான். தழும்பைப் பார்த்து, "நல்ல கை" என்று மாஸ்டர் சான்றிதழே கொடுத்திருந்தார்.

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு டாக்டர் ஒரு காகிதத்தில் படம் வரைந்தார். "இது கணையம். இதோட தலைப்பக்கம் ஒரு கட்டி இருக்கு. பித்தம் எறங்குற வழியை அது அடைச்சுக்கிட்டிருக்கு. அதான் மஞ்சள், அதான் அரிப்பு. நல்ல வேளையா பரவின மாதிரி தெரியல. எடுத்துடலாம். ஆனா பெரிய ஆபரேஷன். கட்டியோட குடல்ல கொஞ்சம், பித்தப்பை எல்லாம் எடுத்துட்டு, மிச்சத்தைத் திரும்ப ஒண்ணோட ஒண்ணு சேத்துத் தைக்கணும்."

"நீங்க தைச்சா எனக்கென்ன கவலை?" என்றார் மாஸ்டர்.

"நானே பண்றேன் மாஸ்டர். உங்களை வேற யார்கிட்ட விடப்போறேன்?"

மாஸ்டர் கும்பிடவே போய்விட்டார். அவள்தான் வாயைத் திறந்தாள்.

"டாக்டர், இந்த ஆபரேஷன் நீங்க இதுவரைக்கும் எத்தனை பண்ணியிருப்பீங்க?"

கம்பெனியில் புது ஆள் வந்தால் முதலில் கேட்கிற கேள்வி அது. காலரா, கையா, எவ்வளவு நாளா, எத்தனை பீஸ். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. மேசைக்கு அடியில் மாஸ்டர் அவள் காலை மிதித்தார்.

டாக்டர் பொய் சொல்லத் தெரியாதவர். "படிக்கும்போது பெரியவங்க கூட நின்னு நெறைய பாத்திருக்கேம்மா. இங்க வந்தப்புறம், வருஷத்துக்கு ஒண்ணு வந்தா பெருசு. சில வருஷம் அதுவும் வராது. தெனமும் வர்ற வியாதி இல்ல இது."

"தெனமும் இதையே பண்ற எடம்னு எதாவது இருக்கா?"

"இருக்கு" என்றார். படத்தை உறைக்குள் போட்டார். "தலைநகரத்து ஆஸ்பத்திரியில இதுக்குன்னே தனிப் பிரிவு இருக்கு. எல்லா ஊர்லேருந்தும் அங்கதான் போவாங்க. ஆனா அங்க யார் பண்றாங்கன்னுகூட உங்களுக்குத் தெரியாது. இங்கன்னா நான் கூப்பிடு தூரத்துல இருப்பேன். யோசிச்சுச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து மாடி ஏறி, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிய பிறகுதான் மாஸ்டர் ஆரம்பித்தார்.

"மனுஷனை மூஞ்சிக்கு நேரா கேக்குற கேள்வியா அது? நாளைக்கு நான் அவர் மூஞ்சியில முழிக்க வேணாமா?"

"முழிக்கறதுக்கு நீங்க இருக்கணுமேன்னுதான் கேட்டேன்."

"அவரு என்னைத் தெரிஞ்சவரு. கண்ணும் கருத்துமா பண்ணுவாரு. அங்க போனா நான் யாரு? கட்டிலு நம்பரு. வரிசையில படுக்கப்போட்டு அறுத்துத் தள்ளுவான். உங்க கம்பெனி மாதிரி."

"எங்க கம்பெனி மாதிரின்னா போயிடலாம்" என்றாள்.

அவள் தம்பி அப்போதுதான் படியேறி வந்தான். சரக்கு வேன் ஓட்டுகிறவன், எந்த வீட்டிலும் சண்டை நடக்கும்போது சரியாக உள்ளே நுழைகிற ராசி அவனுக்கு. நிலைமையைக் கேட்டுவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"மாமா சொல்றதும் ஞாயந்தான்க்கா. தெரிஞ்ச எடம். பெரிய ஆஸ்பத்திரின்னா வாசல்லேருந்தே தொரத்துவான்."

"நீ வேன் ஓட்டக் கத்துக்கிட்ட புதுசுல மலை ரோட்டுல ஓட்டுனியா?"

"மலை ரோட்டுல இப்பவும் ஓட்ட மாட்டேன். அதுக்குன்னு தெனம் போற டிரைவருங்க இருக்காங்க, அவங்ககிட்ட..." என்று சொல்லிக்கொண்டே வந்தவன், மாமாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "டீ இருக்காக்கா?"

மாஸ்டர் தொடையைச் சொறிந்துகொண்டே, "வேனும் ஒடம்பும் ஒண்ணாடா?" என்றார். "ஒரு மனுஷனுக்கு ஒரு மனுஷன் பாக்குற வேலை இது. எத்தனை சட்டை தைச்சோம்கிறதுல இல்ல. இந்த ஒரு சட்டைய எப்படித் தைக்கிறோம்கிறதுல இருக்கு."

அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. இத்தனை வருஷம் டப்பாவைப் பற்றி வாய் திறக்காதவள் திறந்துவிட்டாள்.

"அப்ப எதுக்குங்க காலரை எனக்குப் போடுறீங்க?"

தம்பி டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாஸ்டர் எழுந்தார், நின்றார், எதற்கு எழுந்தோம் என்று தெரியாததுபோல் ஜன்னல்வரை போய்விட்டு வந்தார். பிறகு விறுவிறுவென்று கீழே இறங்கிவிட்டார். கடை ஷட்டர் தூக்குகிற சத்தம் கேட்டது.

"போய்ப் பாக்கட்டா?" என்றான் தம்பி.

"வேணாம், விடு."

அவளுக்கு இருப்பு கொள்ளவில்லை. அரிசியைக் களைந்தாள், களைந்ததையே மறுபடி களைந்தாள். கீழே மிஷின் ஓடுவதும் நிற்பதும் கேட்டது. ஓடும், நிற்கும், நீண்ட நேரம் சத்தமே இருக்காது, மறுபடி ஓடும். காரம் புளி எதுவும் இல்லாமல் கஞ்சி வைத்தாள். அது ஆறி ஏடு படிந்த பிறகு அவர் மேலே வந்தார். வியர்வையில் நனைந்திருந்தார். கையில் வைத்திருந்ததை அவள் மடியில் போட்டார்.

காலர்.

"பாத்துக்கோ. நானாத்தான் தைச்சேன்."

அவள் எடுத்துப் பார்த்தாள். இரண்டு மூலையையும் ஒன்றோடொன்று சேர்த்து வைத்துப் பார்த்தாள். நகத்தால் ஓரத்தை நீவிப் பார்த்தாள். கம்பெனியில் செக்கிங் பெண்கள் பார்ப்பதுபோல் ஒரு தயவும் இல்லாமல் பார்த்தாள். குறை சொல்ல வழியில்லை. நல்ல காலர். இந்த ஒரு வாதம்தான் கையில் இருந்தது, அதையும் இந்த மனிதர் நோயோடு உட்கார்ந்து தைத்துத் தோற்கடித்துவிட்டாரே.

"எப்படி இருக்கு? சொல்லேன்."

"நல்லாத்தான் இருக்கு." பிறகு துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். தையல் ஓரமாகப் பழைய ஊசி போன பொடிப்பொடி ஓட்டைகள் இருந்தன. "பிரிச்சுத் தைச்சீங்களா?"

தொழிலில் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "ஒரு மூலை கோணிக்கிச்சு" என்றார். "பிரிச்சேன். அப்புறம் இன்னொரு பக்கம் இழுத்துச்சு. அதையும் பிரிச்சேன்."

"உங்க வயித்தைப் பிரிச்சுத் தைக்க முடியாதுங்க" என்றாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. "ஒரே தடவைதான். மொத தடவையே சரியா வரணும். கோணிக்கிச்சுன்னா எங்க போய்ப் பிரிப்பேன்?"

மாஸ்டர் தரையில் உட்கார்ந்தார். கஞ்சியை எடுத்து ஏட்டை ஒதுக்கிவிட்டு இரண்டு வாய் குடித்தார். "டாக்டர்கிட்ட நானே சொல்றேன்" என்றார். "நீ வந்து வாயைக் குடுக்காத."

டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் மாஸ்டருக்குச் சுலபமாக இருந்திருக்கும். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தன் கையாலேயே கடிதம் எழுதிக் கொடுத்தார். "நல்லபடியா போயிட்டு வாங்க மாஸ்டர்" என்றார். மாஸ்டர் கதவுவரை போன பிறகு, "இங்கேயே பண்ணியிருந்தாலும் நான் உங்களை நல்லா பாத்துக்கிட்டிருப்பேன்" என்றார், தலையை நிமிர்த்தாமல். அது உண்மை. அந்த உண்மைதான் வழியெல்லாம் மாஸ்டரைக் குடைந்தது. அவளையும் குடைந்தது, அவள் காட்டிக்கொள்ளவில்லை.

பெரிய ஆஸ்பத்திரி மாஸ்டர் சொன்ன மாதிரியே இருந்தது. அதில் அவருக்கு ஒரு திருப்திகூட. எங்கே பார்த்தாலும் வரிசை. கையில் நம்பர் கட்டினார்கள். ஒரே கேள்வியை ஆளுக்கு ஆள் வந்து கேட்டார்கள். பெரிய டாக்டர் என்று ஒருவர் பின்னால் ஒரு கூட்டத்தோடு வந்தார். படத்தைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், "பண்ணிடலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். போட்டிருந்த சட்டை தோளில் தொங்கியது. "ரெடிமேடு" என்று மாஸ்டர் அவள் காதில் சொன்னார்.

ஆபரேஷன் நடந்த பகல் முழுக்க அவள் நடந்துகொண்டே இருந்தாள். தம்பி உட்காரச் சொன்னான், உட்கார்ந்தாள், எழுந்துவிட்டாள். இங்கே இழுத்து வந்தது தானல்லவா? அந்நிய ஜனங்களுக்கு நடுவில் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் தெரு முழுவதும் என்ன சொல்லும் என்பதுகூடப் பெரிதில்லை. தெரிந்த கை வேண்டும் என்றுதானே அவர் கேட்டார்? சாகும்போது ஒரு தெரிந்த முகம்கூட இல்லாமல் பண்ணிவிட்டேனே என்று அவள் மனம் அடித்துக்கொண்டது. சாயங்காலம் கதவைத் திறந்துகொண்டு வந்த ஒருவர், "நல்லபடியா முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னவர்தான் செய்தவரா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

பிறகு வார்டு. அந்த வார்டில் எல்லோருக்கும் அதே ஆபரேஷன் அல்லது அதற்கு அண்ணன் தம்பி. எல்லோர் வயிற்றிலிருந்தும் அதே குழாய், அடியில் அதே பை. வார்டை ஆண்டது ஒரு நர்ஸ். கனத்த உடம்பு, சிரித்து யாரும் பார்த்ததில்லை. காலர்க்காரி அவளுக்குச் சிடுமூஞ்சி சிஸ்டர் என்று மனசுக்குள் பெயர் வைத்தாள். "படுக்காதீங்க, நடங்க." "மூச்சை இழுங்க, இது மூச்சா?" "யாரு இந்தத் தண்ணியக் குடுத்தது?" எல்லோருக்கும் ஒரே அதட்டல். மாஸ்டர் பையைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தார். அரிப்பு போய்விட்டது. கண் வெளுத்துவிட்டது. "அடுத்த வாரம் கடையைத் தொறந்துடலாம்" என்றார். அவளும் கம்பெனிக்கு என்றைக்குத் திரும்பலாம் என்று யோசிக்கத் தொடங்கியிருந்தாள்.

அன்று நல்ல வெயில். மாஸ்டர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, எதிர்க்கட்டில்காரரின் ஆஸ்பத்திரிச் சட்டையில் கை எப்படித் தப்பாக வெட்டப்பட்டிருக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். குழாயில் ஒரு நூல் அளவுக்குச் சிவப்பு ஓடியிருந்ததை அவள் காலையிலேயே பார்த்திருந்தாள். நிறைய இல்லை. தினம் ஒரு நிறத்தில் வருகிற தண்ணீர்தானே என்று விட்டுவிட்டாள்.

சிடுமூஞ்சி சிஸ்டர் வேறு யாருக்கோ மாத்திரை கொண்டுபோனவள், போகிற போக்கில் அந்தக் குழாயைப் பார்த்தாள். நின்றாள். தட்டை அங்கேயே கட்டில்மேல் வைத்தாள்.

"எப்பலேருந்து இது?" என்று மாஸ்டரிடம் கேட்டாள். குரல் மெதுவாக இருந்தது. அவள் அதட்டாமல் பேசியதுதான் காலர்க்காரியை எழுந்து நிற்கவைத்தது.

"காலையிலேருந்து இருக்குங்க. கொஞ்சூண்டுதான்" என்றாள்.

"சரி. மாஸ்டர், நீங்க அப்படியே படுங்க. எழுந்திரிக்கக் கூடாது." சுவரிலிருந்த போனை எடுத்து நாலு வார்த்தை பேசினாள். போனை வைக்கிறதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒருவன் ஊசி ஏற்றினான், ஒருத்தி ரத்தம் எடுத்தாள், கட்டிலின் சக்கரப் பூட்டை இன்னொருவன் காலால் தட்டித் திறந்தான். யாரும் யாரையும் என்ன செய்ய என்று கேட்கவில்லை. மாஸ்டர் வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்துக்கொண்டே கட்டிலோடு போனார். கம்பெனியில் லைன் ஓடுவதுபோல் இருந்தது அவளுக்கு. தள்ள வேண்டியதைத் தள்ள வேண்டியவள் தள்ளுகிறாள்.

கீழே போய்ச் சேர்ந்து மேசையில் படுக்க வைத்ததும் உள்ளே குழாய் உடைத்துக்கொண்டதுபோல் ரத்தம் வந்ததாம். தொடை வழியாக மெல்லிய கம்பியை விட்டு, கசிந்த ரத்தக்குழாயை அடைத்துவிட்டார்கள். இது பிறகு அங்கிருந்த ஒரு டாக்டர் சொன்னது. "வார்டுலயே வந்திருந்தா நேரம் இருந்திருக்காதும்மா" என்றார்.

மறுநாள் பகலில், மாஸ்டர் பிழைத்துக் கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே தூங்கிக்கொண்டிருக்க, அவருடைய பழைய கட்டிலருகே சாமான்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள் காலர்க்காரி. சிஸ்டர் விரிப்பு மாற்ற வந்தாள். காலர்க்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை, அதனால் மனசில் இருந்ததையே கேட்டாள்.

"அத்தனூண்டு செவப்பைப் பாத்து எப்படி சிஸ்டர் கண்டுபிடிச்சீங்க? நானும்தான் பாத்தேன்."

"நாங்களும் முன்ன அப்படித்தான் பாத்தோம்" என்றாள் சிஸ்டர். விரிப்பை உதறினாள். "ரொம்ப வருஷம் ஆச்சு. இதே கட்டில். இதே மாதிரி கொஞ்சூண்டு. சாப்பிட்டாரு, பேசிக்கிட்டிருந்தாரு. யாரும் பெருசா எடுத்துக்கல. அப்புறந்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது, இப்படிக் கொஞ்சமா வந்தா பின்னாடியே பெருசு வரும்னு. அன்னிக்குலேருந்து வார்டுக்கு யாரு புதுசா வேலைக்கு வந்தாலும் மொதல்ல இதைத்தான் சொல்றது."

"அவரு?"

சிஸ்டர் விரிப்பின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகினாள்.

"கூட யாரு இருந்தாங்க?"

"வீட்டம்மாதான். நீங்க உக்காந்திருந்த ஸ்டூல்லதான் உக்காந்திருப்பாங்க." அவ்வளவுதான். யாரோ இருமுகிற சத்தம் கேட்டு, "எழுந்து உக்காந்து இருமுங்க" என்று அதட்டிக்கொண்டே போய்விட்டாள்.

காலர்க்காரி ஸ்டூலில் உட்காரப் போனவள் உட்காராமல் நின்றாள். நிறையப் பண்ணுகிற இடம் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வந்தவள் அவள். கை பழகுகிறவரை கெட்டுப்போகிறவை எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும், கம்பெனியில் அதற்கென்று ஒரு மூட்டை உண்டு. இங்கேயும் அப்படி ஒன்று இருக்கும் என்பது மட்டும் இந்த நாள்வரை அவள் புத்திக்கு எட்டவில்லை. மாஸ்டர் பிழைத்ததில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தோடு எங்கே போய் நிற்பது என்றுதான் தெரியவில்லை.

பக்கத்துக் கட்டிலுக்கு ஆபரேஷன் முடிந்து புதிதாக ஒருவரைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். கூடவே வந்த பெண்ணுக்குச் சின்ன வயது. அழுது முகம் வீங்கியிருந்தது. பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இங்க நல்லா பாத்துக்குவாங்களா? யாருமே நின்னு பேச மாட்டேங்கிறாங்க."

"பேச மாட்டாங்க. பாத்துக்குவாங்க" என்றாள் காலர்க்காரி. ஸ்டூலை இழுத்து, குழாய் கண்ணில் படுகிற பக்கமாகப் போட்டாள். "இங்க உக்காரு. இந்தக் குழாயைப் பாத்துக்கிட்டே இரு. நூல் அளவுக்குச் செவப்பு தெரிஞ்சாக்கூட கூப்பிட்டுடு. கொஞ்சந்தானேன்னு விட்டுடாத. திட்டுவாங்களோன்னு பயப்படாத."

அந்தப் பெண் பயந்துபோய்க் குழாயைப் பார்த்தாள். "உங்களுக்கு யாரு அக்கா இதெல்லாம் சொன்னது? டாக்டரா?"

"இல்ல. இங்க முன்னாடி உக்காந்திருந்த ஒரு அக்கா" என்றாள்.